கடன் வங்கியுடையது, 1.80 லட்சம் மட்டும் அரசுடையது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருச்சியில் தனியார் வேலையில் இருக்கிறார். பிடித்தம் போகக் கையில் 42,000 வருகிறது. மனைவி வீட்டிலேயே டியூஷனும் தையலும் பார்த்து மாதம் 15,000 அளவில் சம்பாதிக்கிறார். சேமிப்பு 6 லட்சம், பைக் கடன் மாதம் 3,200. புறநகரில் 32 லட்சத்துக்கு ஒரு புது ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறார்கள். "முதல் வீடு வாங்குபவர்களுக்கான அரசு வீட்டுக் கடன் எங்கே கிடைக்கும்? வங்கியில் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். புரோக்கரோ 2.67 லட்சம் மானியம் வாங்கித் தருகிறேன், ஃபைல் செலவுக்கு 10,000 கொடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. நான் பல வருஷம் வீட்டுக் கடன் மேசையில் உட்கார்ந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வங்கியில் சொன்னது ஒரு அர்த்தத்தில் உண்மை. அரசாங்கம் உங்களுக்குக் கடன் தருவதில்லை. வங்கியோ வீட்டுக் கடன் நிறுவனமோ தன் பணத்தை, தன் விதிப்படி, தன் வட்டிக்குத் தருகிறது. தகுதி இருந்தால் வட்டியில் ஒரு சிறு பங்கை மத்திய அரசு பிறகு உங்கள் கடன் கணக்கில் வரவு வைக்கிறது. அவ்வளவுதான். "அரசு ஆதரவு" என்றதும் பலர் மனதில் அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் விலையில் 3.5 சதவீதம் மட்டும் கைக்காசாகக் கட்டி வீடு வாங்கிய கதை ஓடும். அங்கே எஃப்.எச்.ஏ. என்று 1934 முதல் ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. கடன் மூழ்கினால் கொடுத்தவருக்கு அது ஈடு கட்டும். அதற்கான காப்பீட்டுக் கட்டணத்தை வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள், அது வேறு கதை. இங்கேயும் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக் கடனுக்கு ஒரு உத்தரவாத நிதி உண்டு. 2024-இல் அதை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தினார்கள். ஆனால் அதன் பாதுகாப்பு வங்கிக்குத்தான். உங்கள் கைக்காசு குறைய அது உதவாது.

அடுத்து புரோக்கர் சொன்ன 2.67 லட்சம். அதை அவர் கற்பனையில் சொல்லவில்லை, காலாவதியானதைச் சொல்கிறார். 2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 6 லட்சம் வரை உள்ளவர்களுக்கு முதல் 6 லட்சம் கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம் இருந்தது. 20 வருஷ மானியத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதிகபட்சம் 2.67 லட்சம் வரை மொத்தமாக ஒரே தடவையில் அசலில் கழித்தார்கள். நடுத்தர வருமானப் பிரிவுக்கான மானியம் 2021 மார்ச் 31-உடனும், குறைந்த வருமானப் பிரிவுக்கானது 2022 மார்ச் 31-உடனும் முடிந்துவிட்டன. அந்தக் காலத்து நோட்டீஸ் இன்னமும் பில்டர் ஆபீஸ் சுவர்களில் ஒட்டியிருக்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது அதே பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டமான பிஎம்ஏஒய் நகர்ப்புறம் 2.0. மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்து வருஷத்துக்கு. சொந்த நிலத்தில் கட்டுவது, அரசோ தனியாரோ திட்டத்தின் கீழ் கட்டும் மலிவு விலைக் குடியிருப்பில் வாங்குவது, வாடகைக் குடியிருப்பு, வட்டி மானியம் என்று நான்கு கிளைகள். உங்களுக்குப் பொருந்துவது நான்காவது. ஒரு குடும்பம் இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

வட்டி மானியத்தின் கணக்கு இப்படி: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், உள்பரப்பு 120 சதுர மீட்டருக்குள் (ஏறக்குறைய 1,290 சதுர அடி) இருக்க வேண்டும். கடன் 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு அனுமதிக்கப்பட்டு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படியானால் முதல் 8 லட்சத்துக்கு, 12 வருஷம் வரை, 4 சதவீத மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் ஒரே தடவையில் வராது. ஆண்டுக்கு 36,000 வீதம் ஐந்து தவணை.

பழைய திட்டத்தோடு ஒப்பிட்டால் தொகை குறைந்ததை எல்லோரும் கவனிக்கிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் உச்சவரம்பில் இருக்கிறது. முன்பு நீங்கள் 20 லட்சம் வாங்கினாலும் 30 லட்சம் வாங்கினாலும் முதல் 6 லட்சத்துக்கு மானியம் உண்டு. இப்போது கடன் 25 லட்சத்தைத் தாண்டினால் மொத்தமும் போய்விடும். உங்கள் விஷயத்தில் இடிக்கப்போவதே இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 32 லட்சம், கடன் 25. மீதி 7 லட்சம் உங்கள் கையிலிருந்து. தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனையை 2023 டிசம்பரிலிருந்து கட்டடம், நிலப்பங்கு எல்லாம் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 32 லட்சத்துக்கு 1.92 லட்சம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீடென்றால் ஜிஎஸ்டி இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால், மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வருகிற ஃபிளாட்டுக்கு 1 சதவீதம் உண்டு. அப்புறம் வக்கீல் கருத்து, இன்ஜினியர் மதிப்பீடு, பிராசசிங் கட்டணம், பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு என்று இன்னும் சில பத்தாயிரங்கள். எப்படிப் பார்த்தாலும் 9 லட்சத்துக்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது 6.

இந்த இடத்தில்தான் புரோக்கர், "28 லட்சமாகக் கடனை ஏற்றிக்கொள்ளலாம் சார், வங்கி 90 சதவீதம் வரை தருமே" என்பார். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, உண்மைதான். ஆனால் 25-ஐத் தாண்டிய அந்த 3 லட்சத்துக்காக 1.80 லட்சத்தை விடுகிறீர்கள். பெர்சனல் லோன் போட்டு 3 லட்சத்தைப் புரட்டுவது அதைவிட மோசம்; வீட்டுக் கடனைவிட வட்டி எக்கச்சக்கம், அந்தத் தவணையும் உங்கள் தகுதியைத் தின்னும். நகையை அடகு வைத்துக் கட்டினாலும் இரண்டாவது இஎம்ஐ-தான். பிஎஃப்பில் வீட்டுக்கென்று எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பெற்றோரோ மாமனாரோ வட்டியில்லாமல் கொடுத்தால் வாங்குங்கள். எதுவும் இல்லையென்றால் 27, 28 லட்சத்தில் வேறு வீடு தேடுங்கள். என்னைக் கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் நல்லது, ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: விலை குறைவு என்று பழைய ஃபிளாட்டுக்குப் போனால் பதிவுச் செலவு முத்திரை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 28 லட்சம் மறுவிற்பனை வீட்டுக்கு 2.52 லட்சம், 32 லட்சம் புது வீட்டைவிட அதிகம். "மனைவி பேரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும்" என்று யாராவது சொன்னால், 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான்.

சரி, வங்கி உங்களுக்கு 25 லட்சம் தருமா? கணக்குக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 21,696. வழக்கமாக உங்கள் ரகச் சம்பளத்தில் எல்லாத் தவணையும் சேர்த்துப் பாதிக்கு மேல் போனால் வங்கி யோசிக்கும். 42,000-இல் பாதி 21,000. அதில் பைக்குக்கு 3,200 போனால் மீதி 17,800. இதற்கு 20.5 லட்சம்தான் கிடைக்கும். மனைவியின் 15,000-ஐச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் டியூஷன் பணம் பாதி ரொக்கமாகவும் பாதி ஜிபேயிலும் வருகிறது, வருமான வரித் தாக்கல் இல்லை. அந்த வருமானம் வங்கியின் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வங்கிக்குத் தெரியாத அதே வருமானம் திட்டத்துக்குத் தெரிந்தாக வேண்டும். மானியத்துக்குக் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் குடும்பம். எல்லோர் வருமானமும் சேரும். உங்கள் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 47,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 5.64 லட்சம். மனைவியுடையது 1.80. மொத்தம் 7.44 லட்சம். 9-க்குள் வருகிறது, நடுத்தர வருமானப் பிரிவு. பலர் மனைவி வருமானத்தை மறைத்து 6 லட்சத்துக்குள் காட்டப் பார்ப்பார்கள், பழைய பழக்கம். இந்த வட்டி மானியத்தில் மூன்று வருமானப் பிரிவுக்கும் தொகை ஒன்றேதான். மறைத்து ஒரு ரூபாய் லாபமில்லை, பின்னால் சிக்கல்தான் உண்டு. ஆகவே மனைவி இந்த வருஷமே வருமான வரித் தாக்கல் செய்யட்டும், வரி எதுவும் வராது. வருகிற பணமெல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் விழட்டும். இரண்டு வருஷத் தாக்கல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் கூட்டுக் கடன்தாரராகச் சேர்ப்பார்கள். பைக் கடனை விண்ணப்பத்துக்கு முன்பே அடைத்து, அடைத்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். அந்த 3,200 போனாலே கடன் தகுதி ஏறக்குறைய 3.7 லட்சம் கூடும். இந்த ஒரு வேலைக்கு எந்தத் திட்டமும் ஈடாகாது.

இன்னொரு ஒப்பீடும் பார்த்துவிடுங்கள். 25 லட்சத்துக்கு 20 வருஷத்தில் நீங்கள் கட்டப்போவது மொத்தம் ஏறத்தாழ 52 லட்சம். வட்டி மட்டும் 27 லட்சம். அதே கடன் 8 சதவீதத்தில் கிடைத்தால் தவணை 20,911. மாதம் 785 ரூபாய் வித்தியாசம், 240 மாதத்துக்கு 1.88 லட்சம். அதாவது அரை சதவீதம் பேரம் பேசிக் குறைத்தால் முழு மானியத்துக்குச் சமம். சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்) 770-க்கு ஒரு வட்டி, 690-க்கு ஒரு வட்டி என்று வங்கிகளே பட்டியல் போடுகின்றன. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வங்கியில் வாங்கும் மிதக்கும் வட்டிக் கடன், அதாவது வட்டி அவ்வப்போது ஏறி இறங்கும் கடன், 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் ரெப்போ 6.50-இலிருந்து 5.50 ஆனபோது அந்தக் கடன்தாரர்களுக்குத் தானாகவே குறைந்தது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் மனைவியின் ரொக்க வருமானத்தைக்கூட நேரில் வந்து பார்த்துக் கணக்கில் எடுப்பார்கள், அது அவர்களிடம் உள்ள நல்ல குணம். வட்டி கூட இருக்கும், இறங்கும்போது மெதுவாக இறங்கும். மானியம் இரண்டு இடத்திலும் கிடைக்கும் என்பதால், மானியத்தைக் காட்டி இழுப்பவரிடம் மயங்க வேண்டியதில்லை. வருமான வரிச் சலுகை பற்றியும் சிலர் பேசுவார்கள். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை, ஆகவே அதன் மதிப்பு பூஜ்யம்.

தகுதியில் மிகவும் தடுமாற வைப்பது "சொந்த வீடு இல்லை" என்கிற உறுதிமொழி. இந்தியாவில் எங்கேயும் குடும்பத்தில் யார் பேரிலும் பக்கா வீடு இருக்கக்கூடாது. கடந்த 20 வருஷத்தில் மத்திய, மாநில, உள்ளாட்சி வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கவும் கூடாது. கிராமத்தில் அப்பா பேரில் இருக்கும் ஓட்டு வீடு உங்கள் வீடு ஆகாது, ஏனென்றால் அப்பா மேலே சொன்ன குடும்பக் கணக்கில் வரவில்லை. அப்பா காலமாகி, வீட்டைப் பாகம் பிரித்து உங்கள் பேரில் எழுதியிருந்தால் கதை வேறு.

எங்கள் கிளைக்கு ஒரு தம்பதி வந்தார்கள், பழைய திட்டத்தின் காலம். மஞ்சப்பையில் எல்லாக் காகிதமும் ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நியூஸ் பேப்பர் வைத்து எடுத்து வந்திருந்தார் அந்த அம்மா. எல்லாம் சரியாக இருந்தது. ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முதலெழுத்து, கிரயப் பத்திரத்தில் கணவரின் முதலெழுத்து. மானியக் கோரிக்கை இரண்டு தடவை திரும்பி வந்தது. ஆதாரைத் திருத்தி, மறுபடி அனுப்பி, பணம் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நாங்களே முதல் நாள் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், குடும்பத்தில் எல்லோர் ஆதாரையும், பான் கார்டையும், வங்கிப் பாஸ்புக்கையும், எழுதப்போகும் பத்திர வரைவையும் ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பதிவுக்கு முன்.

இடம் எங்கே என்பதும் முக்கியம். இது நகர்ப்புறத் திட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லை என்றால் பிரச்சினை இல்லை. ஊராட்சியில் இருக்கும் வீடென்றால் அது அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். "ரிங் ரோட்டிலிருந்து ஐந்தே நிமிஷம்" என்ற விளம்பரம் எல்லைக்கு ஆதாரம் ஆகாது. பில்டரிடம் திட்ட அனுமதி நகலும் ரெரா எண்ணும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த எண்) கேளுங்கள், அதிலேயே ஊர் பெயர் இருக்கும்.

விலை 35-க்குக் கொஞ்சம் மேலே போகிற வீடுகளுக்கு ஒரு தந்திரம் சொல்வார்கள்: பத்திரத்தில் 34.90 போட்டுக்கொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள் என்று. கார் பார்க்கிங், மர வேலை என்று தனி ரசீது போடுவதும் உண்டு. செய்யாதீர்கள். கணக்கில் வராத அந்த ரொக்கத்துக்கு வங்கி கடன் தராது, நாளை வீட்டை விற்கும்போது உங்கள் கொள்முதல் விலையாக அதைக் காட்டவும் முடியாது.

விண்ணப்பம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தின் பிஎம்ஏஒய் நகர்ப்புறம் 2.0 இணையதளத்தில். ஆதாரில் இணைத்த செல்போன் கையில் இருந்தால் நீங்களே செய்யலாம். கடன் கொடுக்கும் வங்கியிலும் சொல்லி வையுங்கள். வங்கி சரிபார்த்து, தேசிய வீட்டுவசதி வங்கி, ஹட்கோ, ஸ்டேட் பேங்க் என்ற மூன்று மைய முகமைகளில் ஒன்றின் வழியாகக் கோரிக்கையை அனுப்பும். புரோக்கருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அவர் கேட்கும் 10,000-க்கு அவர் செய்யப்போவது உங்கள் ஓடிபியை வாங்கி அதே படிவத்தை நிரப்புவதுதான். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு விதியை மறக்கக்கூடாது. ஒவ்வொரு தவணையும் விடுவிக்கும் நேரத்தில் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சாதாரணமாகக் கட்டிவந்தால் ஐந்து வருஷ முடிவில் மானியம் சேராமலே 22 லட்சம் பாக்கி இருக்கும், ஆகவே கவலை இல்லை. சிக்கல், ஊர் நிலத்தை விற்ற பணத்தை மொத்தமாகக் கொண்டுவந்து கட்டுபவர்களுக்குத்தான். பாக்கி 12.5 லட்சத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக் கட்டுங்கள், மீதியை ஐந்தாவது தவணை வந்த மறுநாள் கட்டலாம். மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நடுவில் வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் எண்ணம் வந்தால், மீதித் தவணைகள் தொடருமா என்று எழுத்தில் பதில் வாங்காமல் மாற்றாதீர்கள்.

இதெல்லாம் பின்னால் நடப்பது. இந்த வாரம் உங்கள் முன்னால் இருப்பது பில்டருக்குக் கொடுக்கப்போகும் அட்வான்ஸ். அதற்கு முன் வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டு, தாய்ப்பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பில்டர் இடத்தை அடகு வைத்துக் கட்டியிருந்தால் அதில் தெரியும். தனி ஃபிளாட்டை விடுவிக்கும் கடிதத்தை அவருக்குக் கடன் கொடுத்த வங்கி தர வேண்டும். ஒப்பந்தத்தில், "இத்தனை நாளுக்குள் 25 லட்சம் கடன் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் வழக்கம் இல்லை சார்" என்பார்கள். எழுதித் தருகிறவரைக்கும் 50,000-க்கு மேல் கொடுக்காதீர்கள்.